கேட்காமல் வாசித்த மன்றாட்டு

கோயிலில் நற்கருணை அப்பம் இருக்கும் பேழைக்கு முன்னால் முழந்தாளிட்டுக் கண் மூடியிருக்கும் ஒரு பெண்ணைப் பார்த்தால் எந்த மறைக்கல்வி ஆசிரியைக்கும் மனம் குளிர வேண்டும். எனக்குக் குளிரவில்லை, பற்றிக்கொண்டு வந்தது. பீடத்துப் பூச்சாடியில் சாய்த்து வைத்த போன் அவளைப் படம் பிடித்துக்கொண்டிருந்தது. தலையில் வெள்ளை லேஸ் முக்காடு, விரல்களில் ஜெபமாலை, பக்கத்துச் சன்னலிலிருந்து கன்னத்தில் விழும் காலை வெயில். எல்லாம் கச்சிதமாகப் பார்த்து அமைத்திருந்தாள்.

"என்னடி நடக்குது இங்க?"

கண்ணைத் திறக்காமலே ஒரு கையை மட்டும் தூக்கி, 'இருங்க' என்று சைகை காட்டினாள். இன்னும் சில விநாடி பாக்கியிருந்ததாம்.

"எழுந்திரு மொதல்ல. சாமி முன்னாடி ஷூட்டிங் நடத்துறியா?"

"மிஸ், நான் நெசமாவே வேண்டிக்கினுதான் இருந்தேன்."

"அப்ப போன் எதுக்கு?"

"அது சும்மா பாத்துக்கினு இருந்துச்சு மிஸ். அதுக்கு இன்னா தெரியும்?"

பின்னால் நின்ற பெண்கள் களுக்கென்று சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்பு வந்ததாலேயே கோபம் இரட்டிப்பானது. போனைப் பிடுங்கி என் கைப்பையில் போட்டுக்கொண்டு, வகுப்பு முடியும்வரை தரவில்லை.

இது நடந்து மூன்று நான்கு வருடம் ஆகிறது. மயிலாப்பூரில் கடற்கரையை ஒட்டிய எங்கள் பங்குக் கோயிலில், ஞானஸ்நானத்தை ஆயர் வந்து உறுதிப்படுத்தும் உறுதிபூசுதல் சடங்குக்குத் தயாராகும் பெண்களுக்கு ஞாயிறு காலைப் பூசை முடிந்ததும் நான் வகுப்பு எடுப்பேன். வார நாட்களில் ஈக்காட்டுத்தாங்கலில் ரப்பர் வாஷர் செய்யும் கம்பெனியில் வேலை. பிசிறு, வெடிப்பு இருக்கிறதா என்று பார்த்து ஒதுக்குவது என் பிரிவு. ஆறு நாள் வாஷரில் குறை கண்டுபிடிப்பேன். ஏழாம் நாள் பிள்ளைகளிடம் கண்டுபிடிப்பேன். கை சும்மா இருந்தால் எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும், அப்படி ஒரு பிறவி.

அந்த வருடம் பதினொரு பெண்கள். பாதிப்பேர் அடுக்குமாடி வீட்டுப் பிள்ளைகள், பாதிப்பேர் குப்பத்துப் பிள்ளைகள். முக்காடு போட்டிருந்தவள் குப்பத்துப் பெண், பத்தாம் வகுப்பு. அப்பா இல்லை. அம்மா கடற்கரைச் சாலை மீன் கடையில் உட்கார்ந்து விற்று, வெட்டிக் கொடுத்து அவளை வளர்த்துக்கொண்டிருந்தார். வகுப்பிலேயே வாய் அதிகம் அவளுக்குத்தான், மூளையும் அவளுக்குத்தான். தினமும் காலையில் ஒரு வசனமும் கூடவே ஒரு வீடியோவும் போடுகிற பக்கம் ஒன்றை நடத்தினாள். பல ஆயிரம் பேர் அதைப் பார்த்தார்கள்.

அவளைப் பார்த்து மற்ற பெண்களும் ஆரம்பித்தார்கள். 'பூசைக்குக் கிளம்பலாம் வாங்க' என்று கண்ணாடி முன் தலை சீவும் வீடியோ. பழுப்பு உறை போட்ட பைபிள், நாலு நிறத்தில் கோடு, பக்கத்தில் நுரை தளும்பும் காபி. ஈஸ்டருக்கு முந்தின தவக்காலத்துக்கு இன்னும் பத்து நாள், ஒன்பது நாள் என்று எண்ணிக்கை. அம்மாக்கள் முந்தானையை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டு வருவார்கள். மகள்கள் எந்த நாட்டுப் பெண்ணையோ பார்த்து ஆன்லைனில் லேஸ் முக்காடு வரவழைத்தார்கள். "முந்தானைல என்னடி குறைச்சல்?" என்று கேட்டேன். "மிஸ், நாங்க சுடிதார்ல வர்றோம், முந்தானைக்கு எங்க போறது?" என்றாள் அவள். பதில் சொல்ல முடியாதபடி கேட்பதில் கெட்டிக்காரி.

நான் மட்டும் யோக்கியமா? அவர்கள் வயதில், கன்னியாஸ்திரி அம்மா பார்க்கிறாரா என்று அரைக்கண்ணால் பார்த்துக்கொண்டே உருகி உருகி ஜெபித்தவள்தான் நான். பவனியில் முதல் மெழுகுவர்த்தி எனக்குக் கிடைக்க வேண்டும் என்பதற்காக. ஆனால் அதைப் பார்த்தது ஒரே ஒரு கன்னியாஸ்திரி. இதை ஊரே பார்க்கிறதே என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது. பஸ்ஸில் போகும்போது அதே நினைப்பு. வேலை இடைவேளையில் டீயைக் கையில் வைத்துக்கொண்டு அவளுடைய பக்கத்தைத்தான் பார்ப்பேன். ஒரு வீடியோ விடாமல் பார்த்தேன். இந்தப் பிள்ளைகள் யாருக்காக ஜெபிக்கிறார்கள், சாமிக்கா, போனுக்கா? போன் இல்லாவிட்டால் ஒரு வார்த்தையாவது பேசுவார்களா? இதைத் தெரிந்துகொள்ளாமல் எனக்குச் சோறு இறங்கவில்லை.

தவக்காலம் தொடங்கும் முன் தி.நகருக்குப் போய்ப் பதினொரு நோட்டு வாங்கிவந்தேன். எல்லாம் ஒரே மாதிரி நீல அட்டை, படம் எதுவும் கிடையாது. வகுப்பில் ஆளுக்கொன்று கொடுத்துச் சொன்னேன். "ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் பத்து நிமிஷம். ஆண்டவருக்கு நேரா எழுதுங்க. அழகா எழுத வேணாம். வசனம் வேணாம். மனசுல இருக்கறத எழுதுங்க. போட்டோ எடுக்கக் கூடாது, ஸ்டேட்டஸ் வைக்கக் கூடாது, யாருக்கும் காட்டக் கூடாது."

"வூட்ல வச்சா எங்கம்மா யாரையாச்சும் வுட்டு படிக்கச் சொல்லும் மிஸ்," என்றாள் அவள்.

"வீட்டுக்கு எடுத்துட்டுப் போகாதீங்க. இந்த அலமாரில வச்சுப் பூட்டிடுவேன். சாவி என்கிட்ட இருக்கும்."

"நீங்க படிக்க மாட்டீங்களா?"

"மாட்டேன்."

"சத்தியமா?"

கோயில் வளாகத்தில் சத்தியம் கேட்கிறாளே என்று அதட்டிவிட்டு, "சொன்னா சொன்னதுதான்" என்றேன்.

முதல் ஞாயிறு பேனாவைக் கடித்தார்கள், ஒருத்தியை ஒருத்தி பார்த்தார்கள், கொட்டாவி விட்டார்கள். இரண்டாம் ஞாயிறு எழுத ஆரம்பித்தார்கள். மூன்றாம் ஞாயிறு பத்து நிமிடம் முடிந்தும் ஒருத்தியும் நிமிரவில்லை. மின்விசிறி சுற்றும் சத்தம் மட்டும்தான். அவள் இடது கையால் பக்கத்தை மறைத்துக்கொண்டு, பரீட்சையில் எழுதுவதுபோல வேகவேகமாக எழுதினாள். எனக்குச் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். இருப்புக் கொள்ளவில்லை. அப்படி என்னதான் எழுதுகிறாள்?

அந்த வாரச் சனிக்கிழமை, அடுத்த நாள் பூசைக்கு மன்றாட்டு எழுதும் முறை எங்கள் வகுப்புக்கு வந்தது. பூசையில் சபையின் சார்பாக நாலைந்து வேண்டுதல்களை ஒருவர் வாசிக்க, ஒவ்வொன்றுக்கும் மக்கள் 'கேட்டருளும்' என்று பதில் சொல்வார்கள். எழுதுவதற்காகச் சாயங்காலம் வகுப்பறைக்குப் போனேன். திருத்தந்தைக்கு ஒன்று, நாட்டுத் தலைவர்களுக்கு ஒன்று, மழைக்கு ஒன்று. எல்லாம் போன வருடம் எழுதியதேதான். எனக்கே சலித்தது. அலமாரி எதிரில் நின்றது. சாவி கைப்பையில் இருந்தது.

வேலியே பயிரை மேய்ந்த கதைதான். வேறென்ன சொல்ல? கை தானாகப் போய்த் திறந்தது என்றெல்லாம் கதை விட மாட்டேன். தெரிந்தே திறந்தேன், பதினொரு நோட்டில் அவள் நோட்டைத் தேடி எடுத்தேன், கடைசிப் பக்கத்தைத் திருப்பினேன்.

அவள் எழுதியிருந்தது இது. இதை இங்கே எழுதலாமா என்று அவளிடம் கேட்டேன். இப்போது கல்லூரியில் படிக்கிறாள். நினைவிலிருந்து நான் எழுதிக் காட்டியதை வாங்கிப் பார்த்து, இரண்டு வரியை அடித்துவிட்டு, மீதியை எழுதிக்கொள்ளச் சொன்னாள்.

"ஆண்டவரே, காலைல பயப்பட வேணாம்னு ஒரு வசனம் போட்டேன். எல்லாரும் ஆமென் ஆமென்னு போட்டாங்க. எனக்கு பயமாத்தான் இருக்கு. அம்மாவுக்கு கை நடுங்குது. மீன் வெட்டும்போது நான் பாக்காத மாதிரி இருக்கேன். நான் பாக்கலைன்னு அதுவும் நெனச்சிக்கினு இருக்கு. ஆஸ்பத்திரிக்கு வான்னு எப்படி கூப்பிடறது? எனக்கு தெரியும்னு அதுக்கு தெரிஞ்சிடுமே. நீ இருக்கியா இல்லையான்னு எனக்கு தெரியல. இருந்தா கோச்சிக்காத. இல்லைன்னா இத்த நான் யாருக்கு எழுதறேன்?"

மாதாவே! நாற்பது வருடம் பூசை பார்த்த எனக்கு அந்த மாதிரி ஒரு வேண்டுதல் வாயில் வந்ததில்லை. அந்த மர பெஞ்சிலேயே உட்கார்ந்து அழுதேன். அழுகையோடு ஒரு பெருமையும் வந்தது, அதையும் சொல்லியாக வேண்டும். என் நோட்டு, என் யோசனை, என் வகுப்பு. நான் இல்லாவிட்டால் இந்தப் பெண் இதை எழுதியிருப்பாளா? இதை ஊர் கேட்க வேண்டாமா?

பெயர் போடவில்லை. பேச்சுத் தமிழைக் கோயில் தமிழாக மாற்றினேன். 'தாயின் கை நடுங்குவதைக் கண்டும் காணாததுபோல் தவிக்கும் பிள்ளைகளுக்காகவும், ஆண்டவரே நீர் இருக்கிறீரா என்று உம்மிடமே கேட்கும் அவர்கள் நேர்மைக்காகவும்' என்று தொடங்கி நாலு வரி. நோட்டைத் திரும்ப வைத்துப் பூட்டினேன். இதில் தப்பு இருப்பதாக எனக்குத் தோன்றவே இல்லை. அன்று இரவு நன்றாகத் தூங்கினேன்.

மறுநாள் பூசையில் அந்த மன்றாட்டை நானே போய் வாசித்தேன். வேறு யாரையும் நம்பிக் கொடுக்க மனம் வரவில்லை. குரலை ஏற்றி இறக்கி, நிறுத்தி நிறுத்தி வாசித்தேன். பிறகு அத்தனை சனமும் ஒரே குரலில் 'கேட்டருளும்' என்றது. நிமிர்ந்து பார்த்தேன். பெண்கள் பக்கம் நாலாவது வரிசையில் குப்பத்துப் பெண்கள் இரண்டு பேர் மெதுவாகத் திரும்பி அவளுடைய அம்மாவைப் பார்த்தார்கள். அம்மா வலது கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டார். பக்கத்தில் நின்றிருந்த அவள் தலையைத் திருப்பாமல், கண் கொட்டாமல் என்னையே பார்த்தாள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. வாசிக்க இன்னும் ஒரு மன்றாட்டு பாக்கி இருந்தது. எழுத்து கண்ணுக்குத் தெரியவில்லை, எதையோ உளறி முடித்தேன்.

பூசை முடிந்து ஃபாதர் என்னைக் கூப்பிட்டு, "மன்றாட்டு ரொம்ப நல்லா இருந்துச்சும்மா" என்றார். கோயில் பூசையை நேரலையில் போடுவார்கள். வகுப்பில் இன்னொரு பெண் அதிலிருந்து என் குரலை மட்டும் வெட்டி, பியானோ இசை சேர்த்து, மெழுகுவர்த்திப் படத்தோடு போட்டுவிட்டாள். சாயங்காலத்துக்குள் எங்கள் வாட்ஸப் குழுக்களில் எல்லாம் அதுதான். கீழே இதயங்களாகக் கொட்டிக் கிடந்தன. தப்பு உறைத்துவிட்ட அந்த நேரத்திலும், ஒரு கணம் அந்த எண்ணிக்கையைப் பார்த்து எனக்குக் குளுகுளு என்றுதான் இருந்தது. இதை எழுத வெட்கமாக இருக்கிறது. பிறகுதான் அதை எடுக்கச் சொன்னேன். எடுத்தாள், அதற்குள் பரவியிருந்தது.

அன்று வகுப்புக்கு அவள் நிற்கவில்லை. அடுத்த ஞாயிறும் வரவில்லை. அவளுடைய பக்கத்தைப் பார்த்தேன், காலி. வசனம், முக்காடு, வெயில் விழும் சன்னல், ஒன்றுகூட இல்லை. எல்லாவற்றையும் அழித்திருந்தாள். எது போக வேண்டும் என்று நான் இத்தனை நாள் நினைத்தேனோ அது போய்விட்டது. கம்பெனியில் பழுது வாஷரை நல்லதில் போட்டு, நல்லதைக் குப்பையில் போட்டேன். சூப்பர்வைசர் உடம்பு சரியில்லையா என்று கேட்டார்.

சனிக்கிழமை காலை கம்பெனிக்கு லீவு சொல்லிவிட்டு மீன் கடைக்குப் போனேன். போகலாமா, திரும்பிவிடலாமா என்று சாலையோரமாக இரண்டு தடவை முன்னும் பின்னும் நடந்தேன். அம்மாவே பார்த்துவிட்டார்.

"வா டீச்சரம்மா. மீன் வாங்க வர்ற மூஞ்சி இல்லியே இது."

"உங்களப் பாக்கத்தான் வந்தேன்மா. நான் பண்ணது பெரிய தப்பு."

அவர் திட்டவில்லை. தண்ணீரை அள்ளி மீன்மேல் தெளித்துக்கொண்டே பேசினார். "கை ரெண்டு வருசமா இப்டித்தான் கீது. புள்ளைக்குத் தெரியாதுன்னு நெனச்சிக்கினு இருந்தேன். அதுக்குத் தெரியும்னு கோயில்ல நீ படிச்சப்பதான் எனக்கே தெரியுது. இப்ப வர்ற கிராக்கிங்க மீனப் பாக்குறதில்ல, என் கையத்தான் பாக்குறாங்க. வெட்டறதுக்குப் பக்கத்துக் கடைல குடுத்துக்கிறேன்னுதுங்க."

அந்தக் கையைப் பார்க்காமல் மீனையே பார்த்தேன்.

"அத்த வுடு," என்றார். "புள்ள தூங்கறதுக்கு முன்னாடி ஒரு ஜெபமாலை சொல்லும். போன்ல இல்ல, வாய்க்குள்ளயே சொல்லும், நான் கேட்டுக்கினே தூங்கிடுவேன். பத்து நாளா சொல்றதில்ல. கேட்டா மூஞ்ச அந்தாண்ட திருப்பிக்குது. டீச்சரம்மா, கை போனா போவுது. புள்ளைக்கு சாமி இல்லாம பூட்ச்சுன்னா நான் இன்னா பண்ணுவேன்?"

அவள் ஜெபிக்கிறாளா இல்லையா என்று தெரியாமல் வாரக்கணக்கில் தவித்தேனே, தினமும் ஜெபித்திருக்கிறாள். நான்தான் அதை நிறுத்தியிருக்கிறேன்.

அந்த நேரம் பார்த்து அவளே வந்தாள். ட்யூஷன் முடிந்து பையோடு, அம்மாவுக்கு டிபன் டப்பா எடுத்துக்கொண்டு. என்னைக் கண்டதும் நின்றாள். "ரெண்டு பேரும் அந்தாண்ட போய் பேசுங்க, வியாபாரத்தக் கெடுக்காதீங்க" என்று அம்மா விரட்டினார். மணலில் ஏற்றி வைத்த படகுகளுக்குப் பக்கமாக நடந்தோம். நான் பேச வாயெடுத்தேன். அவள் முந்திக்கொண்டாள்.

"மிஸ், நான் ஒரு ரீல் போட்டா எத்த காட்டணும், எத்த காட்டக் கூடாதுன்னு பாத்துத்தான் போடுவேன். எங்கம்மா கைய ஒரு வீடியோலயாச்சும் காட்டிக்கிறேனா?"

இல்லை. எல்லாவற்றையும் பார்த்தவள் நான், எனக்குத் தெரியும். ஒன்றில்கூட இல்லை.

"உன் பேரச் சொல்லலியேம்மா..."

"குப்பத்துல கை நடுங்குற மீன்காரம்மா எத்தினி பேரு மிஸ்?"

"நீ எழுதினது அவ்வளவு நிஜமா இருந்துச்சு. அதான் என்னால..."

"நெசமா இருந்தா எடுத்துப் போட்டுடுவீங்களா? அப்ப நீங்களும் எங்க ஆளுதான் மிஸ். இன்னாத்துக்கு என் போனப் பிடுங்கினீங்க?"

பளாரென்று அறைந்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது. "என்ன மன்னிச்சிடும்மா" என்றேன்.

"மன்னிக்கணும்னு நீங்கதான் சொல்லிக் குடுத்தீங்க. ஏழு தபா இல்ல, எத்தினி தபா ஆனாலும் மன்னிக்கணும்னு. எனக்கு ஒரு தபாவே வர மாட்டேங்குது." கண்ணைக் கோபத்தில் துடைத்துக்கொண்டாள். "போன்ல எல்லாம் நான் நல்லாருக்கேன் நல்லாருக்கேன்னு போடறதுதான் மிஸ். நீங்க சொன்னீங்கன்னுதான் அந்த நோட்ல மொத தபா நெசத்த எழுதினேன். இனிமே எங்க போயி எழுதறது? வாயத் தொறந்து வேண்டறதுக்குக்கூட யாரோ கேட்டுக்கினு இருக்கற மாதிரியே கீது."

அவள் விடவில்லை.

"அன்னிக்குக் கோயில் நெறைய ஜனம் கேட்டருளும்னு சொன்னாங்கல்ல? பூசை முடிஞ்சி ஒருத்தராச்சும் வந்து, யம்மா உன் கைக்கு இன்னா ஆச்சுன்னு கேட்டாங்களா? பாத்தாங்க. கேக்கல. நீங்க கேட்டீங்களா?"

கேட்கவில்லை. அந்த நோட்டைப் படித்து அழுத அன்று தோன்றவில்லை. மைக்கில் வாசித்தபோது தோன்றவில்லை. அவ்வளவு ஏன், இப்போது அவள் அம்மாவுக்கு எதிரிலேயே பத்து நிமிடம் நின்றுவிட்டு வருகிறேன். என் தப்புக்கு மன்னிப்பு வாங்குவதில்தான் குறியாக இருந்தேனே தவிர, அந்தக் கையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவள் டிபன் டப்பாவோடு திரும்பிப் போய்விட்டாள்.

மறுநாள் வகுப்பில் மற்ற பத்துப் பேரிடமும் சொன்னேன். அலமாரியைத் திறந்தேன், ஒரு நோட்டைப் படித்தேன், சொன்ன சொல்லை மீறினேன் என்று.

"எங்களுதும் படிச்சீங்களா மிஸ்?" என்றாள் ஒருத்தி.

"இல்லம்மா."

"எப்படி நம்பறது?"

நோட்டுகளை எடுத்து மேசைமேல் வைத்தேன். ஒவ்வொருத்தியாக வந்து எடுத்துப் பைக்குள் திணித்துக்கொண்டாள். இரண்டு பேர் அங்கேயே பக்கங்களைக் கிழித்தார்கள். ஒரு நோட்டு மட்டும் மேசையில் மிச்சம் இருந்தது. அதைத் திறக்காமல் உறையில் போட்டு ஒட்டி, குப்பத்து வீட்டில் அம்மா கையில் கொடுத்துவிட்டு வந்தேன். "அவகிட்ட குடுத்துடுங்க" என்பதற்குமேல் எதுவும் பேசவில்லை.

திங்கட்கிழமை வேலைக்குப் போகும் வழியில் மீன் கடையில் இறங்கினேன். "கை எப்படிம்மா இருக்கு? எப்பல்லாம் நடுங்குது?"

"இப்பத்தான் கேக்கத் தோணுச்சா?" என்று சிரித்தார். "ஒன்னியும் இல்ல, போ."

செவ்வாயும் போனேன். "ஆஸ்பத்திரிக்கு நான் கூட வரேன், லீவு போட்டுடறேன்." "கடைய உன் சூப்பர்வைசர் வந்து பாத்துக்குவாரா?" புதனும் போனேன். பக்கத்துக் கடைக்காரம்மா, "மீனு வாங்காத கிராக்கி வந்துட்ச்சு பாரு" என்று கத்தினார். எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது, ஆனாலும் வியாழனும் போனேன். சும்மா இருக்க முடியாத என் குணம் அந்த ஒருமுறைதான் உருப்படியாக உதவியது. வெள்ளிக்கிழமை அவரே சொன்னார். "உன் தொல்ல தாங்கல. திங்கக்கெழம வரேன். அதுவும் வரேன்னுது." அதுவும் என்று அவர் சொன்னது மகளை. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

அம்மாவும் மகளும் அந்த வாரத்தில் ஒருநாள் உட்கார்ந்து பேசியிருக்கிறார்கள். என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. கேட்கவும் இல்லை.

அரசு மருத்துவமனையில் மருத்துவர் என்ன சொன்னார் என்பதை எழுத மாட்டேன். அது அந்த அம்மாவின் விஷயம், ஒருமுறை வாசித்தது போதும். அவள் அந்த வருடம் உறுதிபூசுதல் வாங்கவில்லை. ஆயர் வந்தபோது பத்துப் பேர்தான் வரிசையில் நின்றார்கள். அதன் பிறகு வாங்கினாளா, என்னை மன்னித்தாளா என்பதை வேண்டுமானால் அவள் எழுதட்டும். நான் சொல்லக்கூடியது அந்தத் திங்கட்கிழமை வெளியே பெஞ்சில் நடந்ததை மட்டும்தான். அதற்கு அவளிடம் அனுமதி வாங்கிவிட்டேன்.

சீட்டு வாங்கி, வரிசையில் நின்று, பத்தரை மணிக்கு அம்மாவை உள்ளே கூப்பிட்டார்கள். கூட யாரும் வரக் கூடாது என்று நர்ஸ் கதவைச் சாத்தினார். பெஞ்சில் நானும் அவளும். காலையிலிருந்து என்னிடம் அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்கோ உட்கார முடியவில்லை. எழுந்து தண்ணீர் குடித்தேன், வந்து உட்கார்ந்தேன், மறுபடி எழுந்து சுவரில் இருந்த அறிவிப்பையெல்லாம் படித்தேன். அவள் மடியில் கையைக் கோத்துக்கொண்டு கதவையே பார்த்தாள். விரல் நுனிகள் வெளுத்திருந்தன. பாவி மனசு கேட்கிறதா? பக்கத்தில் போய் உட்கார்ந்து, "கண்ணு, வா, ரெண்டு பேரும் சேந்து ஒரு..." என்று ஆரம்பித்தேன்.

அவள் என்னைப் பார்த்தாள். கோயிலில் பார்த்த அதே பார்வை இல்லை. களைத்துப்போன, சின்னப் பிள்ளையின் பார்வை.

"மிஸ்," என்றாள். "கொஞ்ச நேரம் அந்தாண்ட திரும்பிக்கிறீங்களா?"

திரும்பி உட்கார்ந்தேன். எதிரில் பச்சை பெயின்ட் அடித்த சுவர். முதுகுக்குப் பின்னால் மிக மெல்லிசாக ஏதோ முணுமுணுப்பு. ஒரு வார்த்தையும் பிடிபடவில்லை. காதைத் தீட்டினால் கேட்டிருக்கும். இரண்டு கைகளாலும் காதைப் பொத்திக்கொண்டேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. போகிறவர்கள் வருகிறவர்கள் எல்லாம் என்னைப் பைத்தியம்போலப் பார்த்தார்கள். கழுத்து வலித்தது. அவளாக வந்து தோளைத் தொடும்வரை நான் திரும்பவில்லை.